உயிரோடு இருக்கிறவர்கள் படம்

இருதயசாமிக்குக் கோபம் வந்தால் பிரஷ்ஷை மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டுவிட்டு எழுந்து நின்றுகொள்வார். உட்கார்ந்துகொண்டு கோபப்பட அவருக்குத் தெரியாது. எமர்ஜென்சி முடிந்து இரண்டாவது வருஷம் அது. அந்த வருஷத்தில் அவர் உட்கார்ந்திருந்த நேரம் குறைச்சல்.

ஆரணியில் பாதிக் கடைகளின் பெயர் அவர் கையால் எழுதியதுதான். பட்டுக் கடை, மருந்துக் கடை, சோடா கம்பெனி, லாரியின் முதுகு, எதையும் விட்டுவைக்கவில்லை. இருதயசாமி என்று கூப்பிட்டவர் மாதா கோயில் சாமியார் ஒருத்தர்தான். மற்றவர்களுக்கு அவர் பெயிண்டர். போர்டு எழுதியது போக டப்பாவில் ஒட்டிக்கொண்டிருக்கிற எனாமலை அவர் வீணாக்கமாட்டார். ஹார்ட்போர்டு துண்டுகளை அறுத்து வைத்துக்கொண்டு படம் போடுவார்.

படம் என்றால் சாமி படம் இல்லை. மயில், மான், தாமரைக் குளம் அதுவும் இல்லை. விடிந்ததும் தெருவை அடைத்துத் தறிக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி போடுகிற கூட்டம் ஒரு படம். கண்ணமங்கலம் பஸ்ஸில் படிக்கட்டு தெரியாமல் தொங்கிக்கொண்டு போகிற ஜனம் ஒரு படம். குழாயடியில் இடுப்பில் குடத்தோடு யாரையோ ஏசிக்கொண்டு நிற்கிற அபிதகுசாம்பாள் ஒரு படம். சேவூர் தசரதன் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு, கையில் ஊடை நூல் ஓட்டுகிற நாடாவும் காதில் பீடியுமாக உட்கார்ந்திருப்பது ஒரு படம். எல்லாம் நேரில் பார்த்து வரைந்தவை. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. விலை பதினைந்து ரூபாய். ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்குகிறவன் இதையும் வாங்கலாம். அதற்கு மேல் விலை வைத்தால் பணக்காரன்தான் வாங்குவான், பணக்காரன் வாங்கினால் அது அவன் பங்களாவுக்குள் போய்விடும், அப்புறம் யார் பார்ப்பது என்று கேட்பார்.

கேட்கிறது எல்லாம் சரிதான். எங்கே வைத்து விற்பது? அங்கேதான் நாலு வருஷமாக அவர் முட்டிக்கொண்டிருந்தார். படங்கள் வீட்டுக்குள்ளே சுவரோரம் சாய்ந்து சாய்ந்து அடுப்படி வரைக்கும் வந்துவிட்டன. அவர் பெண்டாட்டி அந்தோணியம்மாள் சோற்றுப் பானையை இறக்கி வைக்கத் தசரதனை நகர்த்த வேண்டியிருந்தது.

முதலில் பட்டுக் கடை ஜெயவேலிடம் போனார். ஜெயவேல் கடைக்கு நாலு தடவை போர்டு எழுதியவர் என்கிற பாத்தியதை. பட்டு வாங்க மெட்ராஸிலிருந்து ஜனம் வருகிறது, திண்டில் சாய்ந்து காப்பி குடிக்கிறது, எதிர்ச் சுவரில் நாலு படம் இருந்தால் ஒருத்தராவது கேட்கமாட்டாரா என்பது அவர் கணக்கு. ஜெயவேல் படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது பெயிண்டரே. இந்தப் பாவு படத்தையே ஐந்நூறு அச்சுப் போட்டுடலாம். அடியில கடைப் பேரு, அதுக்கும் கீழ தேதித் தாளு."

"அது காலண்டரு."

"ஆமா."

"காலண்டர நீ ஓசியிலதான குடுக்கற? ஓசியில குடுத்துட்டா இத எவன் காசு குடுத்து வாங்குவான்?"

"அதத்தான் நானும் உன்ன கேக்கறேன்," என்று ஜெயவேல் சிரித்தார். பணக்காரன் சிரித்தால் அங்கே நிற்கக் கூடாது என்பது இருதயசாமியின் சட்டம். படங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

மாதா திருநாளுக்குக் கோயில் வளாகத்தில் மெழுகுவர்த்திக் கடைக்குப் பக்கத்தில் இடம் கேட்டு வாங்கினார். சுவரில் ஆணி அடித்து வரிசையாக மாட்டினார். கூட்டம் வந்தது, பார்த்தது. அபிதகுசாம்பாள் படத்துக்கு முன்னால் மட்டும் நெருக்கியடித்தது. இடுப்பில் குடம், தலையில் முக்காடு, பின்னால் வெயிலுக்காக அவர் போட்ட மஞ்சள். யாரோ ஒரு கிழவி படத்தைத் தொட்டு விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தாள். இன்னொருத்தி இது எந்தப் புனிதை என்று கேட்டாள். இது எங்கள் தெரு அபிதகுசாம்பாள், மார்கழி மாசம் கோலம் போட்டு ஊரையே கூட்டுகிறவள் என்று அவர் கத்தியும் யார் காதிலும் விழவில்லை. கீழே காசு விழுந்தது. எவனோ மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டான். கோயில் உபதேசியார் ஓடி வந்து, ஐயா, பாவம் நம் தலையில் விழும், எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். விழுந்த காசை உண்டியலில் போட்டுவிட்டு இருதயசாமி வீட்டுக்கு வந்து விடிய விடிய நின்றுகொண்டிருந்தார்.

வேலூரில் கைவினைப் பொருள்களை வாங்கி விற்கிற ஆபீஸ் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்ல, நாலு படத்தைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். அங்கே இருந்தவன் கல்லா, மரமா, தோலா, மண்ணா என்று கேட்டான். படம் என்றார். எந்த ஊர் என்றான். ஆரணி என்றார். ஆரணி என்றால் பட்டு அல்லவா, பட்டுத் துணியில் வரைந்து கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றான். பட்டுத் துணியின் விலை என்ன தெரியுமா என்று இவர் கேட்க, அது எங்கள் வேலை இல்லை என்று அவன் சொல்ல, திரும்பி வருகிற பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை.

ஒன்று மட்டும் அவருக்குப் புரிந்தது. இந்த ஊரில் சுவரில் ஏற வேண்டுமானால் சாமியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மந்திரியாக இருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் செத்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கிற சாதாரண மனுஷனுக்குச் சுவரில் இடம் கிடையாது.

கடைசியாக பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரேம் கடை வைத்திருந்த பலராமனிடம் போனார். பலராமனும் அவரும் ஒன்றாக மூன்றாம் வகுப்போடு நின்றவர்கள். அதனால் அவரை நம்பலாம் என்று இல்லை. ஆனால் கடை இருந்த இடம் அப்படி. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் முதலில் பார்ப்பது அந்தக் கடைச் சுவரைத்தான். படம் ஒன்றுக்கு மூன்று ரூபாய் கழிவு என்று பேசினார்கள். படத்தில் கை வைக்கக் கூடாது, மேலே ஒன்றும் எழுதக் கூடாது என்று இருதயசாமி இரண்டு தடவை சொன்னார். பலராமன் இரண்டு தடவையும் தலையாட்டினார். நாலு படம் கொடுத்தார். தசரதன் படம்தான் அதில் உசத்தி. தசரதன் அதற்காகத் தறியில் அசையாமல் உட்கார்ந்து தந்தவன். கொஞ்சம் சேப்பாகப் போடு அண்ணா என்று கேட்டு, இருக்கிற நிறத்தைத்தான் போடுவேன் என்று ஏச்சு வாங்கியவன். படம் முடிந்ததும் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, பார்த்தியா, நான்தான் என்று காட்டியவன்.

மறுநாளே இருதயசாமி செய்யாருக்குப் போய்விட்டார். ஒரு அரிசி மில்லின் சுவர் முழுக்க எழுதுகிற வேலை. சாரத்தில் நின்றுகொண்டு எழுதும்போது, பலராமன் கடையில் இப்போது யார் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வார். நினைத்து அரை மணி நேரம் சந்தோஷப்படுவார். அப்புறம் பலராமன் என்ன செய்து வைத்திருக்கிறானோ என்று சந்தேகம் வந்துவிடும்.

வேலை முடிந்து திரும்பியது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். செய்யார் பஸ்ஸில் அவருக்கு முன் சீட்டில் ஒரு பெரியம்மா மடியில் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து முறுக்கு வாசம் வந்தது. ஆரணியில் அவள் முதலில் இறங்கினாள். இவர் தன் டப்பாக்களைப் பொறுக்கிக்கொண்டு இறங்குவதற்குள் ஓலம் கேட்டது. சாதாரண அழுகை இல்லை. சாவு வீட்டு வாசலில் கேட்கிற ஓலம். பஸ் ஸ்டாண்டில் இருந்த ஜனம் அந்தப் பக்கம் ஓடியது. இருதயசாமியும் ஓடினார்.

அந்தப் பெரியம்மா பலராமன் கடை முன்னால் மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். முறுக்குப் பை ஒரு பக்கம் கிடந்தது. "என் தம்பி, என் சாமி, சொல்லாம பூட்டியேடா" என்று அவள் கை நீட்டிய பக்கம் அவர் பார்த்தார்.

தசரதன் செத்துப் போயிருந்தான்.

ஒரு விநாடி அவரும் அப்படித்தான் நம்பினார். கறுப்பு பிரேம். உள்ளே வெள்ளை அட்டை சுற்றிவர மறைத்திருக்க, நடுவில் தசரதனுடைய தலையும் மாரும் மட்டும். கண்ணாடி மேல் நெற்றியில் சந்தனப் பொட்டு. பிரேமைச் சுற்றி மல்லிகைச் சரம். மேலே குட்டி சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஐயோ, போன வாரம்கூட நன்றாக இருந்தானே என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம்தான் காதில் இருந்த பீடி கண்ணில் பட்டது. அந்த பீடியை வரைந்தது யார்?

"டேய் பலராமா," என்றார். டப்பாக்கள் கீழே விழுந்து உருண்டன.

நடந்தது வேறொன்றும் இல்லை. பிரேம் கடையில் ஒரே அளவுதான் நிறைய இருக்கும், செத்தவர்களுக்கு மாட்டுகிற அளவு. பல்பு வைத்த பிரேம் புதுசாக வந்திருந்தது. அதில் எதையாவது போட்டுக் காட்டினால்தான் விற்கும். தசரதன் படம் பிரேமுக்கு ஒரு சாண் நீளம் அதிகம். படத்தில் கை வைக்கக் கூடாது என்று பெயிண்டர் சொல்லியிருக்கிறார். அதனால் பலராமன் அறுக்கவில்லை. அந்த மட்டும் வாக்குத் தவறவில்லை. பிரேமின் சட்டத்தைப் படத்தின் அளவுக்கு நீட்டி, முன்னால் அட்டையை வைத்துத் தறி, நாடா, கை எல்லாவற்றையும் மறைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஆனால் அவர் பெண்டாட்டி குணசுந்தரி கடையில் இருக்கிற எல்லாப் படத்துக்கும் பொட்டு வைத்துப் பூப்போடுவாள். முருகனுக்குப் போட்டாள், லட்சுமிக்குப் போட்டாள், அடுத்து இருந்த தசரதனுக்கும் போட்டாள். அவளுக்கு அந்த ஆள் யாரென்று தெரியாது. படத்தில் இருப்பவர்கள் பூப்போட வேண்டியவர்கள், அவ்வளவுதான்.

இருதயசாமி பெரியம்மாவிடம் குனிந்து, அம்மா, உன் தம்பி உயிரோடு இருக்கிறான், இது நான் வரைந்தது என்று சொன்னார். அவள் விருத்தாம்பாள், தசரதனின் அக்கா. அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"உயிரோட இருக்கறவனுக்கு எவனாவது பல்பு போடுவானா?" என்று கேட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

 இருதயசாமி கடைக்குள் பாய்ந்து பல்பைப் பிடுங்கினார். பூவைப் பிய்த்துப் போட்டார். பூவைப் பிய்த்ததும் கூட்டத்தில் பாதி அவரை அடிக்க வந்தது. செத்தவன் படத்தில் இருந்து மாலையைப் பிடுங்குகிறான் பார் என்று ஒருத்தன் சட்டையைப் பிடித்தான். அதற்குள் யாரோ சைக்கிளில் சேவூருக்குப் போய்விட்டிருந்தார்கள். போனவன் தசரதன் வீட்டு வாசலில் நின்று, உங்க அக்கா பஸ் ஸ்டாண்டுல விழுந்து அழுதுகினு கீது என்று மட்டும் சொன்னானே தவிர எதற்கு என்று சொல்லவில்லை. தசரதன் தன் வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து, தறியிலிருந்து எழுந்த கோலத்திலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். யார் போய்ட்டாங்க, யார் போய்ட்டாங்க என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் உள்ளே வர, கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு வழி விட்டது.

விருத்தாம்பாள் எழுந்தாள். தம்பியின் முகத்தைத் தடவினாள். அப்புறம் முறுக்குப் பையை எடுத்து அவனை ஓங்கி ஓங்கி அடித்தாள்.

தசரதனுக்கு விஷயம் புரிய நேரம் ஆயிற்று. புரிந்ததும் சுவரைப் பார்த்தான். பொட்டோடு தான் இருந்ததைப் பார்த்தான். 

"ஏண்ணா, நான் உனுக்கு இன்னா கெடுதல் பண்ணேன்? உயிரோட என்ன சுவத்துல ஏத்திட்டியே."

"நான் ஏத்தலடா. நான் தறியில உக்கார வெச்சேன். இவன் ஏத்தினான்."

"மூஞ்சி என்னுது. ஒடச்சி நெருப்புல போடு."

"பலக என்னுது, பெயிண்டு என்னுது. மூஞ்சிதான் உன்னுது, அது உன் கழுத்துமேல பத்திரமாத்தான் கீது."

கூட்டத்தில் ஒருத்தன் சிரித்துவிட்டான். தசரதனுக்கு அது இன்னும் பொறுக்கவில்லை. பலராமன் மெல்ல, அண்ணன் தம்பிகளா, பிரேம் புதுசு, உடைத்துவிடாதீர்கள் என்றார். இருதயசாமி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் கல்லாவுக்குப் பின்னால் போய்விட்டார்.

"படத்த விக்கச் சொல்லிக் குடுத்தேன். நீ பிரேம விக்கறதுக்கு அவன சாவடிச்சிட்ட," என்று சொல்லிக்கொண்டே இருதயசாமி பிரேமைக் கவிழ்த்துப் போட்டு, ஆணிகளைக் கத்தியால் நெம்பி, பலகையை வெளியே இழுத்தார். அட்டை கிழிந்து விழுந்தது. முழுப் படம் வெளியே வந்தது. அட்டைக்குள் இருந்த தறி வந்தது. பாதி நெய்த சிவப்புப் புடவை வந்தது. நாடாவைப் பிடித்திருந்த கை வந்தது. அதைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். "பாருங்கடா. செத்தவன் எவனாவது நெய்வானா?"

 விருத்தாம்பாள்தான் கிட்டே வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தாள். சின்ன வயதில் தறிக்கட்டையில் நசுங்கிய கட்டை விரல் நகம், கோணலாக முளைத்தது கோணலாகவே இருந்தது. 

"இது எவ்ளோ?" என்றாள்.

நாலு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கோபத்துக்கு நடுவிலும் அவர் பலகையை நிமிர்த்திப் பிடித்தார். பதினைந்து ரூபாய் என்றார்.

"குடு. எங்கூட்ல இவன் போட்டோ ஒண்ணுகூட கெடையாது. பொட்டியில பத்திரமா வெச்சிக்கறேன். நாளைக்கி ஒண்ணு ஆச்சின்னா போட்டோவுக்கு எங்க ஓடறது?"

தசரதன் தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

இருதயசாமி படத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "சாவுக்கு எடுத்து வெக்கறதுக்கு நான் வரையல. நீ போம்மா." மற்ற மூன்று படங்களையும் கழற்றினார். டப்பாக்களை அங்கேயே விட்டுவிட்டு நாலு பலகையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் அவரை இன்னும் கொதிக்க வைத்தது. ஒரு வாரம் கழித்து பலராமன் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். விட்டுவிட்டுப் போன டப்பாக்கள் ஒரு கையில். இன்னொரு கையில் ஒரு கவர். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று இருதயசாமி நினைத்தார். கவரில் இருந்து போட்டோக்களை எடுத்துத் தரையில் வைத்தார் பலராமன். கல்யாணக் கூட்டத்தில் மூலையில் நிற்கிற ஒரு தாத்தா. கரையான் அரித்த ஒரு மாமனார். பள்ளிக்கூடக் குரூப்பில் தலை மட்டும் தெரிகிற ஒருத்தி.

"ஊரே பேசிகினு கீதுபா. படத்தப் பாத்து கூடப் பொறந்தவளே மாரடிச்சிகினான்னா அது எப்பேர்ப்பட்ட கையின்னு பேசறாங்க. எல்லாம் செத்தவங்க. வரைஞ்சி குடுத்தா ஒண்ணுக்கு அறுபது ரூபா குடுக்கறாங்க. பிரேம் நம்மளுது."

இருதயசாமி பிரஷ்ஷை டப்பாவில் போட்டார். எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் பலராமன் தெருவில் இருந்தார். போட்டோக்கள் அவருக்குப் பின்னால் பறந்தன.

அந்தோணியம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் சாதாரணமாகக் குரலை உயர்த்துகிறவள் இல்லை. தெருவில் கிடந்த போட்டோக்களைப் பொறுக்கி, மண்ணைத் தட்டி, பலராமன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"செத்தவங்க இன்னா பாவம் பண்ணாங்க? உங்களத் தேடி வந்துகினு இருக்காங்க. நீங்க தேடிப் போற உயிரோட இருக்கறவன் ஒருத்தனாவது திரும்பிப் பாக்கறானா?"

"செத்தவன் எழுந்து வந்து, இது நான் இல்லடான்னு சொல்லமாட்டான். எப்டி வரைஞ்சாலும் வாய மூடிகினு இருப்பான். உயிரோட இருக்கறவன் சொல்லுவான், மூக்கு சரியில்லன்னு சண்டைக்கி வருவான். சண்டைக்கி வர்றவனத்தான் நான் வரைவேன்."

"அப்ப எல்லாத்தையும் தூக்கி வெளியில வெய்யுங்க. சண்ட போட எனுக்கு அடுப்படியில எடம் இல்ல."

அவள் சொன்னது ஏச்சு. அவர் அதை அப்படியே செய்தார். மறுநாள் காலையில் ஆணிப் பொட்டலத்தோடு வெளியே போய், தெருவைப் பார்த்த தன் வீட்டுச் சுவர் முழுக்க அடித்தார். ஒரு படத்தையும் உள்ளே விடவில்லை. பிரேம் இல்லை, கண்ணாடி இல்லை, வெறும் பலகை. நடுவில் தசரதன், தறியோடு. அப்புறம் ஒரு தகரத்துக்கு வெள்ளை அடித்துக் காயவைத்து, கறுப்பில் ஒரு போர்டு எழுதினார். வேறு எந்தக் கடைக்கும் அவ்வளவு கொட்டை எழுத்தில் எழுதியதில்லை.

இதில் உள்ளவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்.
கையால் வரைந்தது. ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது.
விலை ரூ. 15.
பூ வைக்கக் கூடாது.

தெருவில் பாவு விரிக்க வந்தவர்கள் முதலில் பார்த்தார்கள். கஞ்சி காய்கிற நேரத்தில் சுவர் முன்னால் கூடி நின்று, இது இன்னார், இது இன்னார் வீட்டு மாடு என்று அடையாளம் சொன்னார்கள். சிரித்தார்கள். அபிதகுசாம்பாள் வந்து, என் குடத்தில் ஏது இந்த நசுக்கல் என்று கேட்டுச் சண்டை போட்டாள். வீட்டிலிருந்து குடத்தையே கொண்டுவந்து காட்டினாள். நசுக்கல் இருந்தது. அதற்கும் அவரையே திட்டிவிட்டுப் போனாள். தசரதன் நாலு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து போர்டைப் படித்தான், இரண்டாம் தடவை வாய்விட்டுப் படித்தான். அதிலிருந்து சாயங்காலம் ஆனால் அந்தச் சுவரடியில் நின்று பீடி குடிப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டான். போகிறவன் வருகிறவன் எல்லாம், எந்த தசரதன்டா ஒரிஜினல் என்று கேட்டுவிட்டுப் போவான். அவன் புகையை விட்டுக் காட்டுவான்.

முதலில் விற்றது பஸ் படம். அந்த ரூட்டில் கண்டக்டராக இருந்த தனகோடி வாங்கினான். வேலை முடிந்து ஏன் இப்படி விழுந்து தூங்குகிறாய் என்று பெண்டாட்டி கேட்கிறாளாம், இதைக் காட்ட வேண்டுமாம். அவன் நீட்டிய நோட்டை இருதயசாமி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் உச்சி வெயிலில் விருத்தாம்பாள் வந்தாள். தம்பிக்கு ஒரு வேட்டி துண்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, நேரே இங்கே. போர்டை யாரையோ விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். அப்புறம் தசரதன் படத்துக்கு முன்னால் நின்றாள்.

"இத கழட்டு," என்றாள்.

"எங்க மாட்டுவே?"

"வாங்கறது நானு. எங்க மாட்டினா உனுக்கு இன்னா?"

"பொட்டியில வெப்பேன்னு சொன்னவதான நீ? உனுக்கு விக்கமாட்டேன்."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே பேசினாள். அவசரம் இல்லாமல் பேசினாள்.

"என் தம்பி புடவ நெய்யறான். இத கல்யாணத்துக்குத்தான் கட்டணும், கருமாதிக்கிக் கட்டக் கூடாதுன்னு எவகிட்டயாவது சொல்றானா? நெய்ஞ்சி குடுக்கறான். வாங்கினவ கட்டறா. கட்டிகினு அழுவா, கட்டிகினு சிரிப்பா, மடிச்சி பொட்டியிலயும் வெப்பா. தறியிலருந்து அறுத்துகினு போன துணிக்குப் பின்னால தறிக்காரன் ஓட முடியுமா? நீ இன்னா அவனுக்கு மேலயா?"

இருதயசாமி நின்றுகொண்டிருந்தார்.  ஜெயவேலுக்குச் சொன்னது போல இவளுக்குச் சொல்ல முடியாது. திருநாள் கூட்டத்தில் கத்தியது போல இவளிடம் கத்த முடியாது. அந்த வேலூர் ஆபீஸ்காரன் முகம், பலராமன் முகம் எல்லாம் வந்து போயிற்று. அவர்கள் எல்லோரையும் திட்டினதில் நியாயம் இருந்தது. இவள் விஷயத்தில் நியாயம் அவள் பக்கம் போய் நின்றுகொண்டது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆணியோடு சேர்த்துப் பிடுங்கினார் படத்தை.

"பன்னெண்டு வெச்சிக்க," என்றாள் அவள்.

"பதினஞ்சி. ஒரு பைசா கொறையாது."

அவள் கொடுத்தாள். பலகையை வாங்கி, படம் வெளியே தெரிகிற மாதிரி இடுப்பில் அணைத்துக்கொண்டாள். வெயிலில் வைக்காதே, அடுப்புப் புகை படாமல் பார்த்துக்கொள், ஈரத் துணியால் துடைத்தால் போதும் என்று அவர் பின்னாலேயே சொல்லிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் எதிரே வந்த ரெண்டு பேர் படத்தைப் பார்த்து, இது நம்ம தசரதன்தான என்று கேட்டார்கள். ஆமா, என் தம்பிதான் என்று அவள் நின்று காட்டிவிட்டுப் போனாள்.

திரும்பி வந்து டப்பாவைத் திறந்தார். பிரஷ்ஷை வெள்ளையில் முக்கிப் போர்டின் கடைசி வரியை, பூ வைக்கக் கூடாது என்பதை, மூன்றே இழுப்பில் அழித்தார்.

அந்தோணியம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க அழிக்கறீங்க?"

"எழுத்து கோணிப் போச்சி."

எழுத்து கோணவில்லை என்பது அவளுக்கும் தெரியும். நாலைந்து பேர் சுவரடியில் கூடிக்கொண்டு, எந்தப் படம் போயிற்று, எந்த ஆணி காலி என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இருதயசாமி ஈர பிரஷ்ஷோடு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"இன்னா வேடிக்க? வாங்கறதுன்னா வாங்கு. இல்லன்னா வெயில மறைக்காத, பெயிண்டு காயணும்."